உஷார்! ஏவுகணையைக் காணும் கண்ணில் கை வைக்கிறார்கள்

ஓர் அணு ஏவுகணை கிளம்பிவிட்டது என்ற தகவல் முதலில் எங்கிருந்து வரும் தெரியுமா? உளவாளி சொல்லி வராது. ராடார் சொல்வதற்கும் நேரமாகும். அடிவானத்துக்கு மேலே ஏறி வந்தால்தான் ராடாருக்குத் தெரியும். பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, இரவும் பகலும் கீழே பார்த்துக்கொண்டிருக்கும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள்தான் முதல் ஆளாகப் பார்க்கும். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓர் ஏவுகணை போய்ச் சேர ஏறக்குறைய 30 நிமிடம். பக்கத்துக் கடலில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியிலிருந்து கிளம்பினால் அதில் பாதிகூட இல்லை. வருவது நிஜமா, பொய்யா, பதிலடி கொடுப்பதா, பொறுப்பதா என்பதையெல்லாம் அந்த நிமிடங்களுக்குள் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

இந்தக் கண்ணைத்தான் அமெரிக்கா இப்போது அவசர அவசரமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. பெரிய, விலை உயர்ந்த சில செயற்கைக்கோள்களை நம்பியிருந்த இடத்தில், சின்னதாக, மலிவாக, நூற்றுக்கணக்கில் பறக்கவிடப் போகிறார்கள். காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் கணக்குப் போடும் விதமும் ஓடுகிற வேகமும் வயிற்றில் புளியைக் கரைக்கின்றன. இது வாஷிங்டன்காரர்களின் வரிப்பணப் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கண் ஒருமுறை தவறாகப் பார்த்தால், விளைவு எந்த நாட்டு எல்லையிலும் நிற்காது.

முதலில் இந்தக் கண் எப்படிப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ராக்கெட்டின் பின்னால் பீறிடும் புகையில் கொதிக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கின்றன. 2.7 மைக்ரான், 4.3 மைக்ரான் அலைநீளங்களை ஒட்டி அவை பளீரென்று ஒளிரும். அதே அலைநீளங்களைப் பூமியின் காற்றில் உள்ள அதே வாயுக்கள் விழுங்கிவிடும். அதனால் மேலிருந்து பார்த்தால் தரை இருண்டு கிடக்கும். ராக்கெட் அடர்ந்த காற்றைத் தாண்டி ஏறியதும் அதன் சுடர் மட்டும் தனியே தெரியும். இதைப் பார்க்கும் சென்சாரைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். குளிரூட்டி நின்றுபோனால் கண் அவிந்தது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. மிக உயரத்தில் மிதக்கும் மேகங்களுக்கு மேலே நீராவி குறைவு. சூரிய ஒளி அவற்றில் பட்டுச் சரியான கோணத்தில் தெறித்தால், காற்று அதை விழுங்காது. அது செயற்கைக்கோளின் கண்ணுக்குச் சுடராகவே தெரியலாம்.

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற பதுங்கு நிலையத்தில் பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ். சைரன் அலறியது. எதிரே இருந்த திரையில் சிவப்பு எழுத்துகளில் ஏவுதல் எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியிருக்கிறது என்றது கணினி. பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று மொத்தம் ஐந்து. மூன்று வாரங்களுக்கு முன்னால்தான் கொரிய விமானம் ஒன்றை சோவியத் படை சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். இரு தரப்பும் உச்சகட்டப் பதற்றத்தில் இருந்த நேரம் அது. பெத்ரோவ் யோசித்தார். போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடா தொடங்குவான்? தரை ராடார் எதையும் காட்டவில்லை. பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. அந்தச் செயற்கைக்கோள் பார்த்தது, மேகங்களின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளி.

இந்தக் கதையில் பெத்ரோவின் நிதானத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். நான் சுட்ட விரும்புவது வேறு. 'ஓகோ' என்ற அந்தச் செயற்கைக்கோள் அமைப்பு பணியில் சேர்க்கப்பட்டது 1982-ல். இரண்டு ஆண்டுகூட முழுதாகப் பழகாத அமைப்பு. இன்ன பருவத்தில், இன்ன கோணத்தில் சூரியன் இருந்தால் மேகம் ஏமாற்றும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். புதுக் கண் ஒன்றை வானத்தில் வைத்தால், அது எதைக் கண்டு ஏமாறும் என்று தெரிந்துகொள்ளவே காலம் பிடிக்கும். அந்தக் காலத்தைப் பணம் கொடுத்துச் சுருக்க முடியாது. அவசரப்படுத்தினால் சோதனை குறையும், அவ்வளவுதான்.

அமெரிக்கர்களுக்கும் இந்தப் பயம் தெரியாததில்லை. 1980 ஜூன் 3 அதிகாலை, கொலராடோ மலைக்குள் இருக்கும், வட அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பான நோராட்டின் கட்டளை மையக் கணினி வழியே ஏவுகணைத் தாக்குதல் எச்சரிக்கை பாய்ந்தது. குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் ஓடிப்போய் எஞ்சினை முடுக்கினார்கள். பிறகு செயற்கைக்கோள்களையும் ராடார்களையும் நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை. நடந்தது இதுதான்: தகவல் தொடர்புத் தடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கணினி ஓயாமல் சோதனைச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். செய்தியின் அமைப்பு நிஜத் தாக்குதல் செய்தியைப் போலவேதான். ஏவுகணைகளின் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் மட்டும் பூஜ்யம். ஒரு சில்லு பழுதாகி, பூஜ்யம் வர வேண்டிய இடங்களில் 2 விழத் தொடங்கியது. அந்தச் சில்லின் விலை 46 சென்ட்!

அன்று உலகத்தைக் காப்பாற்றியது என்ன? தரைக் கணினி பொய் சொன்னபோது, அதைச் சரிபார்க்க மேலே நம்பிக்கையான ஒரு கண் இருந்தது. 1970 நவம்பரில் தொடங்கி வரிசையாக ஏவப்பட்ட டி.எஸ்.பி. செயற்கைக்கோள்கள் அவை. நிமிடத்துக்கு 6 முறை சுழன்று, 10 விநாடிக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்துவிடும். 1991 வளைகுடாப் போரில் இராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் கிளம்புவதைக் கண்டு சொன்னதும் இவைதான். அவற்றின் வாரிசுகள் 2020 ஜனவரி 8 அன்று கைகொடுத்தன. இராக்கின் அல் அசாத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவியபோது, எச்சரிக்கை கிடைத்து வீரர்கள் பதுங்கு குழிகளுக்குள் போயிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சிக் காயம். ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அமெரிக்க உயிர்கள் போயிருந்தால் அந்த வாரம் எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

அந்த வாரிசின் பெயர் எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். 'மலிவாக நவீனப்படுத்துகிறோம்' என்ற பேச்சு எங்கிருந்து பிறந்தது என்று புரிய அதன் வரலாற்றைப் பார்த்தால் போதும். 1990-களின் நடுவில் 500 கோடி டாலருக்குள் முடிந்துவிடும் என்று தொடங்கினார்கள். முடியும்போது 1,800 கோடி டாலரைத் தாண்டியது. 2002-ல் ஏவ வேண்டிய முதல் புவிநிலைச் செயற்கைக்கோள் 2011 மே மாதம்தான் மேலே போனது. ஒன்பது ஆண்டு தாமதம்! இடையில், 2007 நவம்பரில் ஏவிய கடைசி டி.எஸ்.பி. செயற்கைக்கோள் ஓர் ஆண்டுகூடத் தாங்காமல் 2008-ல் செத்துப்போனது. பழையவை ஆயுள் தாண்டியும் உழைத்ததால்தான் பிழைத்தார்கள்.

இதைப் பார்த்துச் சூடுபட்டவர்கள், சிக்கனம் தேடினால் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. சில சிக்கனங்கள் உண்மையிலேயே நல்லவை. ஐந்தாவது, ஆறாவது எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோள்களை, வணிகச் செயற்கைக்கோள்களுக்குப் பயன்படும் பொது உடலமைப்பின் புதிய வடிவத்துக்கு மாற்றினார்கள், ஒப்பந்தத் தொகையை உயர்த்தாமலே. 2021 மே மாதமும் 2022 ஆகஸ்டிலும் அவை ஏவப்பட்டன. அதைவிட எனக்குப் பிடித்தது 'சர்ப்' சோதனை. எஸ்.இ.எஸ்-2 என்ற சாதாரண வணிகத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளில் ஓர் ஓரமாக இடம் கேட்டு வாங்கி, புது வகை அகச்சிவப்புச் சென்சாரைப் பொருத்தி 2011 செப்டம்பரில் அனுப்பினார்கள். சுழலாது, திரும்பாது, பூமியின் கால்பங்கை ஒரே பார்வையில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் போட்ட ஒப்பந்தம் 6.5 கோடி டாலர். இந்தத் துறையில் அது சில்லறை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, நிஜ ஏவுதல்களைப் பார்த்து, இந்த வகைக் கண் எதைச் சரியாகப் பார்க்கும், எதில் தடுமாறும் என்பதற்கான தகவல்களைக் குவித்துக் கொடுத்தது.

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. 'சர்ப்' காட்டிய வழி, வாங்குவதற்கு முன்னால் மலிவாகச் சோதித்துப் பார்ப்பது. இன்றைக்கு நடப்பதோ, மலிவாக வாங்கி மேலே அனுப்பிவிட்டுப் பிறகு சோதிப்பது. இரண்டுக்கும் சிக்கனம் என்ற ஒரே பெயரைச் சூட்டுகிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

2019-ல் அமெரிக்காவில் விண்வெளி மேம்பாட்டு முகமை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தாழ்வான சுற்றுப்பாதையில், சுமார் 1,000 கிலோமீட்டர் உயரத்தில், நூற்றுக்கணக்கான சின்னச் செயற்கைக்கோள்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு தொகுதி. ஒன்றையொன்று லேசர் கதிரால் பேசிக்கொள்ளும். தாழ்வாகப் பறக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் சறுக்கிச் செல்லும் ஹைப்பர்சானிக் ஆயுதங்களின் வெப்பம், வழக்கமான ஏவுகணைச் சுடரைவிட 10 முதல் 20 மடங்கு மங்கல் என்று பென்டகன் அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள். 36,000 கிலோமீட்டரிலிருந்து அதை விடாமல் பின்தொடர்வது கடினம். இன்னொன்று, நான்கைந்து பெரிய செயற்கைக்கோள்கள் எதிரிக்குச் சுலபமான இலக்கு. நூற்றுக்கணக்கில் பரவியிருந்தால் எல்லாவற்றையும் அடிக்க முடியாது. இரண்டும் வலுவான வாதங்கள். மறுப்பதற்கில்லை.

சரி, விலைக்கு வருவோம். 2022 ஜூலையில் முதல் தொகுதியில் 28 ஏவுகணைத் தடம்காணும் செயற்கைக்கோள்களுக்கு இரண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 130 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒன்று 5 கோடி டாலருக்கும் குறைவு. பழைய பாணிச் செயற்கைக்கோள் ஒன்றே 100 கோடியைத் தாண்டும் உலகத்தில் இது பெரிய சாதனைதான். ஆனால் இந்தச் சின்னவற்றின் ஆயுள் ஐந்து ஆண்டு. பழையவை 12 ஆண்டுக்கென்று கட்டப்பட்டவை. அதற்கு மேலும் உழைத்தவை உண்டு. வீட்டை விலைக்கு வாங்குவதை விட்டு வாடகைக்குப் போகிற மாதிரி இது: முன்பணம் குறைவு, மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கத் தவறினாலோ, தொழிற்சாலையில் ஒரு பாகம் தாமதமானாலோ, வானத்தில் கண்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். 2029 நிதியாண்டு வரை இந்த அமைப்புக்கு மட்டும் ஏறக்குறைய 3,500 கோடி டாலர் செலவிடத் திட்டம். ஒன்று மலிவு, மொத்தம் மலிவில்லை.

தாமதம் கற்பனையும் இல்லை. 2024 செப்டம்பரில் தொடங்க வேண்டிய முதல் தொகுதியின் ஏவுதல், 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது. லேசர் இணைப்பு நிலவரம் இன்னும் மோசம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2025 பிப்ரவரியில் ஓர் அறிக்கை கொடுத்தது. முதல் தொகுதிக்கு முன்பே சோதனைக்காக ஏவிய முன்னோட்டத் தொகுதியைக் கட்டிய நான்கு நிறுவனங்களில் ஒன்று, திட்டமிட்ட எட்டு லேசர் இணைப்புத் திறன்களில் மூன்றைச் செய்து காட்டியிருந்தது. இன்னொன்று ஒரே ஒன்றை. மீதி இரண்டும் எதையும் செய்து காட்டவில்லை. அதற்குள் அடுத்தடுத்த தொகுதிகளுக்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிக்கொண்டிருந்தன. தாழ்வாகப் பறக்கும் ஒரு செயற்கைக்கோள் ஓர் ஏவுகணையைச் சில நிமிடங்கள்தான் பார்க்கும். பிறகு அடுத்ததற்குக் கைமாற்ற வேண்டும். அந்தக் கைமாற்றம் லேசர் வழியாக நடக்கும் என்பதுதான் முழுத் திட்டத்தின் அச்சாணி. அச்சாணி பொருந்துமா என்று தெரியும் முன்பே வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று!

இதைவிட எனக்கு அதிகக் கிலி தருவது தரையில் இருக்கிறது. செயற்கைக்கோள் ஏவப்படும்போது தொலைக்காட்சி வரும், தீப்பிழம்பு, கைதட்டல். ஆனால் மேலேயிருந்து கொட்டும் தகவலிலிருந்து 'இது ஏவுகணை, இது காட்டுத்தீ, இது மேக மினுக்கம்' என்று பிரித்துச் சொல்வது தரையில் உள்ள மென்பொருளும் ஆட்களும். எஸ்.பி.ஐ.ஆர்.எஸ்.ஸில் முதல் புவிநிலைச் செயற்கைக்கோள் 2011-ல் போய்விட்டது. எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் புதிய தரைக் கட்டமைப்பு 2016 கடைசியில்தான் கைக்கு வந்தது. அந்தச் செயற்கைக்கோளில் இருந்த, வெறித்துப் பார்க்கும் வகைச் சென்சாரின் முழுத் திறனையும் அதுவரை பயன்படுத்த முடியவில்லை. பல நூறு கோடி டாலர் கண் மேலே விழித்திருக்க, கீழே அதன் பேச்சு புரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். ஆறு செயற்கைக்கோளுக்கே இந்தப் பாடு என்றால், நூற்றுக்கணக்கானவை ஒரே நேரத்தில் தகவல் கொட்டினால்? செலவைக் குறைக்க நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டு விழுவது, யார் கண்ணுக்கும் படாத தரை மென்பொருளிலும் சோதனையிலும்தான். 46 சென்ட் சில்லு பழுதானதும் தரையில்தான் என்பதை மறக்கக் கூடாது.

பழைய பாதையும் கைவிடப்படவில்லை. அடுத்த தலைமுறைப் பெரிய செயற்கைக்கோள்கள் ஒரு பக்கம் தயாராகின்றன. எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். வரிசையில் ஏழாவதையும் எட்டாவதையும் 2018-ல் ரத்து செய்துவிட்டு இதைத் தொடங்கினார்கள். 2025-ல் முதலாவது பறக்கும் என்றார்கள். கெடு தவறி 2026-க்குத் தள்ளிப்போனது. புவிநிலையில் மூன்று என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. சின்னவை வருகின்றனவே என்ற நம்பிக்கையில் பெரியதை வெட்டுகிறார்கள். சின்னவை இன்னும் தங்களை நிரூபிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால்?

விழும் என்பதற்கு ரஷ்யாவே சாட்சி. பழைய ஓகோ வரிசையின் கடைசிச் செயற்கைக்கோள்கள் 2014-லும் 2015 தொடக்கத்திலுமாகச் செயலிழந்தன. புதிய 'துந்த்ரா' வரிசையின் முதலாவது 2015 நவம்பரில்தான் ஏவப்பட்டது. உலகின் மிகப் பெரிய அணு ஆயுதக் குவியல்களில் ஒன்றை வைத்திருக்கும் நாடு, மாதக்கணக்கில் விண்வெளிக் கண் இல்லாமல் ராடாரை மட்டும் நம்பியிருந்தது. 1995 ஜனவரியில் நார்வே ஏவிய வெறும் ஆய்வு ராக்கெட்டை ராடாரில் கண்டு குழம்பி, அதிபர் யெல்ட்சினின் அணுப் பெட்டியை விழிக்கவைத்த நாடும் அதுவே. குருட்டுத்தனம் எதிரியை மட்டும் பாதிக்கும் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. பயந்துபோன குருடனின் கையில் துப்பாக்கி இருப்பது எல்லோருக்கும் ஆபத்து.

இப்போது இதன் மேல் 'கோல்டன் டோம்' வேறு. 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டம். 17,500 கோடி டாலர், மூன்றே ஆண்டில் முடிப்போம் என்றார். விண்வெளியில் நிறுத்தும் இடைமறிப்பு ஆயுதங்களுக்கு மட்டும் 20 ஆண்டில் 16,100 கோடியிலிருந்து 54,200 கோடி டாலர் வரை ஆகலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் அதே மாதம் கணக்கிட்டது. இந்தத் தொகைகளைவிட என்னைப் பதறவைப்பது வேறொன்று. இதுவரை அகச்சிவப்புக் கண்ணின் வேலை எச்சரிப்பது. எச்சரிக்கைக்கும் செயலுக்கும் நடுவே ஒரு பெத்ரோவ் உட்கார இடம் இருந்தது. ஏவுகணை கிளம்பிய சில நிமிடங்களுக்குள் விண்ணிலிருந்தே அடிக்க வேண்டுமென்றால், அந்த இடம் சுருங்கிக்கொண்டே போகும். கண் சொல்வதைக் கை உடனே செய்யும். அந்த நிலையில் பாதி சோதித்த சென்சாரும் முழுதாக எழுதி முடிக்காத மென்பொருளும் இருந்தால் என்ன நடக்கும்?

நம் பக்கமும் இது வந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் இந்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு 52 கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 27,000 கோடி ரூபாய். 31-ஐ தனியார் நிறுவனங்கள் கட்டும், மீதியை இஸ்ரோ. அவை ஏவுகணை எச்சரிக்கைக்கென்று பிறந்தவை அல்ல. ஆனால் எண்ணிக்கை, வேகம், தனியார், தாழ்ந்த சுற்றுப்பாதை என்று பாதை அதேதான். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே ஏவுகணை பறக்கும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. இங்கே ஒரு நாள் அகச்சிவப்பு எச்சரிக்கைக் கண் ஒன்றை அமைக்கும் பேச்சு வந்தால், ஒரு செயற்கைக்கோள் என்ன விலை என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. தரை மென்பொருள் தயாரா? எத்தனை பருவங்கள் வானத்தில் வைத்துச் சோதித்தீர்கள்? பழையது அணையும் முன் புதியது எத்தனை மாதம் கூடவே எரியும்? திரைக்கு முன்னால் உட்காரும் அதிகாரிக்கு 'இது பொய்' என்று சொல்லும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரம் ஒப்பந்தத்துக்கு முன்னால்.

அமெரிக்காவுக்கு அந்த நேரம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து 2024 பிப்ரவரிக்குள் ஏவிய முன்னோட்டச் செயற்கைக்கோள்களின் ஐந்தாண்டு ஆயுள் 2028, 2029-ல் முடிகிறது. 2025 செப்டம்பரில் ஏவத் தொடங்கிய முதல் தொகுதிக்கு 2030-ல். அதற்குள் மாற்று வந்தாக வேண்டும். லேசர் இணைப்பு நிரூபணமாகியிருக்க வேண்டும். தரைக் கட்டமைப்பு முடிந்திருக்க வேண்டும். முதல் தொகுதியே ஓர் ஆண்டு பிந்தித்தான் தொடங்கியது. பெரிய செயற்கைக்கோள்களில் வெட்டிய அந்த மூன்றாவதை இப்போதே திரும்பச் சேர்த்தாலும், கட்டி முடித்து ஏவ ஆண்டுகள் ஆகும்.